வலிக்காத பாதம்

மூன்றாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (விலங்கியல்)

'எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம்' என்பது நம் முன்னோர் வாக்கு. அதனால்தானோ என்னவோ, தலைக்கு எண்ணெய், கண்ணுக்கு மை, முகத்துக்குப் பூச்சு, கைக்கு வளையல் என்று மேலிருந்து கீழாகக் கவனித்துக்கொண்டே வரும் நாம், கொலுசோடு நின்றுவிடுகிறோம். கொலுசுக்குக் கீழே ஓர் உறுப்பு இருக்கிறது என்பது முள் குத்தும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

இத்தனைக்கும், அடியைப் போற்றாத மரபன்று நம் மரபு. திருக்குறளின் முதல் அதிகாரத்தில் உள்ள பத்துக் குறள்களில் ஏழில் இறைவனின் அடியோ தாளோ பேசப்படுகிறது. பெரியோரைக் கண்டால் காலைத் தொட்டு வணங்குகிறோம். பிறருடைய பாதங்களுக்கு இவ்வளவு மரியாதை தரும் நாம், நம்முடைய பாதத்தைக் கடைசியாக எப்போது திருப்பிப் பார்த்தோம்? இதைப் படிக்கும் தோழர் தோழியரும் பேராசிரியப் பெருமக்களும் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். நான் பார்த்ததில்லை. என் தந்தையின் பாதத்தையும் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவருக்கு இன்று கால்விரல்கள் பத்தும் இருந்திருக்கும். அந்தக் கதையைப் பின்னால் கூறுகிறேன். முதலில் பாதத்தைப் பற்றிச் சில செய்திகளைக் காண்போம்.

பாதத்தின் அமைப்பு

வளர்ந்த மனிதனின் உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றுள் 26 ஒரு பாதத்தில் இருக்கின்றன. இரண்டு பாதங்களுக்கும் சேர்த்து 52. அதாவது நம் எலும்புகளில் நான்கில் ஒரு பங்கு கணுக்காலுக்குக் கீழேதான் அமைந்திருக்கிறது. ஒவ்வொரு பாதத்திலும் 33 மூட்டுகள் உண்டு. இவற்றைப் பிணைக்கத் தசைகளும் தசைநாண்களும் பந்தகங்களும் நூற்றுக்கு மேல் உள்ளன.

ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நடந்து பாருங்கள். குதிகாலும் முன்பாதமும் விரல்களும் பதியும். உட்பக்கத்து நடுப்பகுதி பதியாது. அங்கேதான் பாதத்தின் வளைவு இருக்கிறது. நாம் அடி வைக்கும்போது இந்த வளைவு சற்றுத் தாழ்ந்து அதிர்ச்சியைத் தாங்குகிறது. காலை எடுக்கும்போது வில்லைப் போல நிமிர்ந்து நம்மை முன்னே தள்ளுகிறது. குதிகாலின் அடியில் ஒரு கொழுப்பு மெத்தையும் உண்டு.

பாதத்தின் அடித்தோலைப் பற்றி இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று, அங்கே வியர்வைச் சுரப்பிகள் மிகுதி. மற்றொன்று, அங்கே எண்ணெய்ச் சுரப்பிகளே இல்லை. காலுக்கு வரும் தொல்லைகளில் பாதி இந்த இரண்டிலிருந்தும் பிறப்பவை. மூடிய காலணிக்குள் வியர்வை தேங்கினால் காளானும் கிருமியும் வளரும். திறந்த காலில் வியர்வை உலர்ந்துபோனால், எண்ணெய்ப் பசை இல்லாத தோல் வறண்டு வெடிக்கும்.

அன்றாடத் தொல்லைகள்

முதலாவது பித்தவெடிப்பு. பெயரில் பித்தம் இருந்தாலும் பித்தத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. எண்ணெய்ச் சுரப்பி இல்லாத தோல் உலர்ந்து தடிக்கிறது. உடலின் பாரம் குதிகாலை அழுத்தும்போது அந்தக் கொழுப்பு மெத்தை பக்கவாட்டில் விரிகிறது. நெகிழ்ச்சி இல்லாத தோல் அதோடு சேர்ந்து விரிய முடியாமல் பிளக்கிறது. வெறுங்காலோடு நடப்பவர்களுக்கும், பின்பக்கம் திறந்த செருப்பு அணிபவர்களுக்கும், நெடுநேரம் நிற்பவர்களுக்கும் இது மிகுதி. நம் பாட்டிமார் துவைகல்லில் குதிகாலைத் தேய்த்துக் கழுவியது நல்ல வழக்கமே. பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, மெதுவாகத் தேய்த்து, ஈரத்தைத் துடைத்த உடனே வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கொண்டால் சில வாரங்களில் குணம் தெரியும். பிளேடால் சீவுவது மட்டும் கூடவே கூடாது.

இரண்டாவது கால் ஆணி. ஓரிடத்தில் இடைவிடாத அழுத்தமோ உராய்வோ ஏற்பட்டால், தோல் தன்னைக் காத்துக்கொள்ள அந்த இடத்தில் தடிக்கிறது. அந்தத் தடிப்பின் நடுவே கூம்பு வடிவில் ஓர் இறுகிய முனை உள்நோக்கி அழுத்தும்போது ஆணியால் குத்துவது போன்ற வலி உண்டாகிறது. இதற்கு 'வேர்' இருப்பதாகவும், அதைத் தோண்டி எடுத்தால் தீர்ந்துவிடும் என்றும் பலர் நம்புகிறார்கள். வேர் என்று ஒன்றும் இல்லை. அழுத்தம்தான் வேர். செருப்பை மாற்றாமல் ஆணியை மட்டும் அறுத்தால் அது மீண்டும் வரும். கடைகளில் கிடைக்கும் ஆணிப் பிளாஸ்திரியில் சாலிசிலிக் அமிலம் இருக்கிறது. அது தடித்த தோலையும் கரைக்கும்; தவறினால் நல்ல தோலையும் அரிக்கும். சர்க்கரை நோயாளிகள் அதைத் தொடவே கூடாது.

மூன்றாவது சேற்றுப்புண். நாற்று நடும் பெண்களுக்கு வருவதால் இந்தப் பெயர். ஆனால் சேற்றில் காலே வைக்காத விடுதி மாணவர்களுக்கும், நனைந்த பூட்ஸோடு அணிவகுக்கும் தேசிய மாணவர் படைத் தோழர்களுக்கும் இது வருகிறது. சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் இடையில்தான் பெரும்பாலும் தொடங்கும். அந்த இடுக்கு எப்போதும் ஈரமாக இருப்பதே காரணம். தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, அரிக்கும். இது காளானால் வருவது. காலைக் கழுவியபின் விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி உலர்த்துவதே பாதி மருத்துவம். காளானைக் கொல்லும் களிம்பை அரிப்பு நின்ற பிறகும் மருத்துவர் சொன்ன நாள்வரை தடவ வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் பல கலவைக் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. அது அரிப்பை அடக்கிவிட்டுக் காளானை வளர்க்கும்.

நான்காவது குதிகால் வலி. காலையில் எழுந்து தரையில் வைக்கும் முதல் அடியிலேயே சுரீர் என்று குத்தும்; நாலு அடி நடந்தால் குறையும். குதிகாலிலிருந்து விரல்கள்வரை ஓடி, வளைவைத் தாங்கி நிற்கும் தடித்த பட்டை நைந்துபோவதால் வருவது இது. மெல்லிய செருப்போடு நாள் முழுவதும் நிற்கும் நம் ஆசிரியர்கள் இதை அறிவார்கள். படுக்கையில் இருந்தபடியே துண்டை முன்பாதத்தில் மாட்டி இழுத்துப் பிடிப்பதும், கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியும், மெத்தென்ற செருப்பும் நல்ல பலன் தரும். ஊர்ப்புறங்களில் செங்கல்லைச் சுட்டு, அதன்மேல் எருக்கிலையை வைத்துக் குதிகாலால் மிதிப்பார்கள். சூடு சிலருக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சூட்டை உணரக்கூடிய கால்தானா அது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏன் என்பதைப் பின்னர் காண்போம்.

ஐந்தாவது நகம். கால் நகத்தை ஓரங்களில் வளைத்து ஆழமாக வெட்டினால், வளரும் நகம் சதைக்குள் புகுந்து சீழ் பிடிக்கும். நகத்தை நேராகவே வெட்ட வேண்டும்.

ஒரு விலங்கியல் மாணவி கொக்கிப்புழுவைச் சொல்லாமல் விட்டால் எங்கள் துறைப் பேராசிரியர்கள் மன்னிக்கமாட்டார்கள். இதன் நுண்ணிய இளவுயிரிகள் மலம் கலந்த ஈர மண்ணில் காத்திருந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே புகுகின்றன. பிறகு இரத்தத்தோடு நுரையீரலுக்குச் சென்று, மூச்சுக்குழல் வழியே மேலேறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சுகின்றன. புழு தோல் வழியே நுழைகிறது என்ற உண்மையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கண்டவர், எகிப்தில் பணியாற்றிய ஜெர்மானிய விலங்கியலார் லூஸ். இளவுயிரிகள் இருந்த நீர் தவறுதலாக அவர் கையில் சிந்தியது, தோல் அரித்தது, பின்னர் அவருடைய மலத்திலேயே புழுவின் முட்டைகள் காணப்பட்டன. இரத்தசோகையைத் தடுக்கும் கருவிகளில் ஒரு ஜோடி செருப்பும் ஒன்று என்பதை இதிலிருந்து உணரலாம்.

வலி ஒரு காவலன்

இதுவரை கூறிய தொல்லைகளில் கொக்கிப்புழுவைத் தவிர மற்றவற்றுக்கெல்லாம் ஒரு நற்குணம் உண்டு. அவை வலிக்கும், அல்லது அரிக்கும். வலித்தால் குனிந்து பார்ப்போம். பார்த்தால் மருந்து போடுவோம். வலி என்பது பகைவன் அன்று. வாசலில் நின்று கூவும் காவலன். அந்தக் காவலன் ஊமையாகிவிட்டால் என்ன ஆகும் என்பதை என் வீட்டில் கண்டேன்.

ஆரணிப் பக்கத்தில் பட்டு நெய்யும் குடும்பம் எங்களுடையது. என் தந்தை குழித்தறியில் நெய்பவர். குழித்தறியைப் பார்க்காத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். நெசவாளி தரையோடு தரையாக உட்கார்ந்து, கால்கள் இரண்டையும் எதிரே உள்ள குழிக்குள் தொங்கவிட்டு, மிதிகட்டைகளை மாறி மாறி மிதிப்பார். கண் பாவின் மேலும், கை நாடாவின் மேலும் இருக்கும். கால்கள் இருட்டுக்குள் இருக்கும். ஒரு நாளில் எட்டு மணி நேரம் என் தந்தையின் பாதங்களை அவரும் பார்த்ததில்லை, நாங்களும் பார்த்ததில்லை.

2012ஆம் ஆண்டு ஒரு முகாமில் அவருக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. கூலி வந்த வாரம் மாத்திரை உண்டு. வராத வாரம் இல்லை. சில ஆண்டுகளில் பாதம் எரியத் தொடங்கியது. எறும்பு ஊர்வது போலவும், பஞ்சின்மேல் நடப்பது போலவும் இருக்கிறது என்பார். இரவில் ஈரத்துணியைக் காலில் சுற்றிக்கொண்டு படுப்பார். 2022 வாக்கில் எரிச்சல் மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு நாள் நின்றேவிட்டது. "இப்பல்லாம் எரிச்சலே இல்லம்மா, சரியாப் போச்சு" என்று அவர் சொன்னபோது வீடே மகிழ்ந்தது. அம்மா வேண்டுதலை நிறைவேற்றிப் பொங்கல் வைத்தார். அடுத்த மாதம் அப்பா கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார். மற்றொன்று கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

2024ஆம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த வாரம். நான் அப்போது முதலாண்டு மாணவி. அறையின் சிமெண்டுத் தரையில் அங்கங்கே சிவப்புப் புள்ளிகள் இருந்தன. சாயம் என்று நினைத்து அம்மா துடைத்தார். நெசவு வீட்டில் சாயக்கறை புதிதல்லவே! மறுநாளும் இருந்தது. மூன்றாம் நாள் அந்தப் புள்ளிகள் தறிக்குழியிலிருந்து அடுப்படிவரை ஒரு காலின் அடிகளாகப் போவதைக் கண்டேன். அப்பாவின் இடது காலைத் திருப்பிப் பார்த்தோம். சுண்டுவிரலின் அடியில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு குழி இருந்தது. மிதிகட்டையில் ஓர் ஆணி தலைதூக்கியிருந்தது. எத்தனை நாள் அதை மிதித்தாரோ, அவருக்கே தெரியாது.

ஊரில் காயத்துக்குக் கட்டுப் போடும் ஒருவரிடம் சென்றோம். அவர் ஏதோ ஒரு பொடியை வைத்துக் கட்டிவிட்டு, "வலி இல்லையா? அப்போ பயமில்லை" என்றார். அந்த ஒரு சொல்லை நம்பிப் பன்னிரண்டு நாட்களைப் போக்கினோம். அந்தப் பன்னிரண்டு நாட்களும் அப்பா தறியில் உட்கார்ந்தார். அதன் பிறகு விரல் கறுத்தது, வாடை வந்தது. அரசு மருத்துவமனையில் சுண்டுவிரலையும் அதை அடுத்த விரலையும் எடுக்க வேண்டியதாயிற்று. மருத்துவர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. "வலிச்சிருந்தா அன்னைக்கே வந்திருப்பீங்க" என்று மட்டும் சொன்னார்.

பிறகு அவர் ஒரு நைலான் இழையை எடுத்தார். பத்து கிராம் விசையில் வளையும்படி செய்யப்பட்ட இழை அது. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். பத்து இடங்களில் தொட்டதை எண்ணினேன். இரண்டு இடங்களில் மட்டுமே அப்பா "ம்" என்றார். மற்ற இடங்களில் அவர் கண்ணை மூடியபடி, மருத்துவர் எப்போது தொடுவார் என்று காத்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் நான் தேர்வுக்காக நரம்பு மண்டலத்தைத்தான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன்.

காரணம் என்ன?

இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டுகள் மிகுந்திருந்தால் நரம்புகள் பழுதாகின்றன. நீளமான நரம்புகளே முதலில் பழுதாகும். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை செல்பவையே நம் உடலின் மிக நீளமான நரம்புகள். ஆகவே, கேடு விரல் நுனியில் தொடங்கி, காலுறை அணிவதுபோல மேல்நோக்கி ஏறுகிறது. பழுதாகும் நரம்பு முதலில் எரிச்சலாகவும் குத்தலாகவும் கூச்சலிடும், பிறகு அடங்கிவிடும். அந்த அடக்கத்தைத்தான் நாங்கள் குணம் என்று எண்ணிப் பொங்கல் வைத்தோம்.

வியர்வையை இயக்கும் நரம்பும் பழுதாவதால் தோல் வறண்டு வெடிக்கிறது. வெடிப்பு வழியே கிருமி நுழைகிறது. பாதத்தின் சிறு தசைகள் வலுவிழப்பதால் விரல்கள் வளைந்து, பாரம் சில இடங்களில் மட்டும் விழுகிறது. இரத்தக் குழாய்களும் சுருங்குவதால் புண் ஆறத் தாமதமாகிறது. வேறொருவருக்கு வெறும் பித்தவெடிப்பாகவும் கால் ஆணியாகவும் இருப்பது, உணர்ச்சியற்ற காலில் புண்ணுக்கு வாசலாகிவிடுகிறது. சூடான செங்கல்லின் ஆபத்தும் இதுதான். தோல் வெந்தாலும் அந்தக் கால் சொல்லாது.

இந்த உண்மையை உலகுக்கு எடுத்துக் காட்டியதில் நம் மாவட்டங்களுக்கும் பங்கு உண்டு. டாக்டர் பால் பிராண்ட் என்னும் ஆங்கில மருத்துவர் 1914ஆம் ஆண்டு நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946ஆம் ஆண்டு வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்குப் பணியாற்ற வந்தவர். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் அழுகி விழுகின்றன என்றே அக்காலத்தில் எல்லாரும் நம்பினர். அவரோ நோயாளிகளின் அன்றாட வாழ்வைக் கூர்ந்து பார்த்தார். சூடான பாத்திரத்தைக் கூசாமல் பிடிப்பதையும், ஆணி குத்திய காலோடு நடப்பதையும், உறக்கத்தில் எலி கடித்தும் விழிக்காமல் இருப்பதையும் கண்டார். விரலைத் தின்றது நோய் அன்று. வலியில்லாமை என்று உணர்ந்தார். எலிக்குக் காவலாக நோயாளிகளுக்குப் பூனை கொடுத்ததாக அவரே எழுதியிருக்கிறார். நுண்ணிய காற்றறைகள் கொண்ட எம்.சி.ஆர். ரப்பரால் உள்ளடி இட்ட செருப்புகள் வேலூரிலும் அதை அடுத்த கரிகிரியிலும் உருவாக்கப்பட்டு, பாதத்தின் பாரத்தைப் பரவலாக்கிப் பலருடைய கால்களைக் காத்தன. 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்ற பின்னர், சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் அதே கதை நடப்பதை அவர் எடுத்துக் காட்டினார். 2003ஆம் ஆண்டு மறைந்தார். இன்று என் தந்தை அணிவதும் எம்.சி.ஆர். செருப்புத்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023ஆம் ஆண்டு வெளியான ஆய்வின்படி, 2021ஆம் ஆண்டில் நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 10.1 கோடிப் பேர். நம் வகுப்பில் உள்ள ஒவ்வொருவர் குடும்பத்திலும் யாரேனும் ஒருவர் அந்த எண்ணிக்கையில் இருக்கக்கூடும்.

ஆறு தொடுதல்

இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட எளிய சோதனை ஒன்று உண்டு. கருவி வேண்டாம், ஆள்காட்டி விரல் போதும். பெரியவரைப் படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்லுங்கள். தொடுவதை உணர்ந்தால் 'வலது' அல்லது 'இடது' என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு விரல் நுனிகளை இந்த வரிசையில் தொடுங்கள்: வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல். இறகு போல மெதுவாக, ஒன்று அல்லது இரண்டு நொடிகள் மட்டும் தொட வேண்டும். அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, இரண்டாம் முறை தொடக்கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் அந்தக் காலின் காவலன் ஊமையாகிக்கொண்டிருக்கிறான் என்று பொருள். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

என் தந்தைக்கு இந்தச் சோதனையை இனி முழுமையாகச் செய்ய முடியாது. தொட வேண்டிய ஆறு விரல்களில் ஒன்று இல்லை.

செய்ய வேண்டுவன

நமக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் பொருந்தும் சில பழக்கங்களைத் தொகுத்துக் கூறுகிறேன்.

1. நாள்தோறும் இரவில் பாதத்தின் மேலும் கீழும் விரல் இடுக்கிலும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம், வீக்கம், ஓரிடத்தில் மட்டும் சூடு ஆகியவை எச்சரிக்கைகள்.

2. காலைக் கழுவி, இடுக்குகளை உலர்த்தி, எண்ணெயை அடியிலும் குதிகாலிலும் தடவ வேண்டும். விரல் இடுக்கில் தடவக்கூடாது.

3. செருப்பை அணியுமுன் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுப் பார்க்க வேண்டும். கல்லும் முள்ளும் ஆணி முனையும் கைக்குத் தெரியும். மரத்த காலுக்குத் தெரியாது.

4. செருப்பை மாலையில் வாங்க வேண்டும். நாளெல்லாம் நின்ற கால் அப்போது சற்று வீங்கியிருக்கும். நின்று பார்த்து, நீண்ட விரலுக்கு முன்னால் ஏறத்தாழ அரை அங்குல இடம் இருக்குமாறு தேர்ந்தெடுக்க வேண்டும். 'போடப் போடச் சரியாகிவிடும்' என்று இறுக்கமான செருப்பை வாங்கக்கூடாது. செருப்புக்கடி ஒரு புண். அது செருப்பு பழகுவதன் அடையாளமன்று.

5. சர்க்கரை நோய் உள்ளவர்கள் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. சுடு தரையில் கோயில் பிரகாரத்தைச் சுற்றுவதைத் தவிர்த்து, காலை வேளையில் செல்லலாம். வெந்நீரில் காலை வைக்குமுன் வேறொருவர் கையை விட்டுப் பார்க்க வேண்டும்.

6. ஆண்டுக்கு ஒரு முறையேனும் மருத்துவரிடம் பாதத்தைக் காட்ட வேண்டும். சர்க்கரை அளவைப் பார்க்கக் கையை நீட்டும்போதே, "ஐயா, காலையும் பாருங்கள்" என்று கேட்பதில் வெட்கம் இல்லை. உணர்ச்சியற்ற காலில் எவ்வளவு சிறிய புண் வந்தாலும் அன்றைக்கே சென்றாக வேண்டும்.

புகைபிடிப்பதை விடுவதும், சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை.

முடிவுரை

இப்போது எங்கள் வீட்டில் இரவு உணவுக்குப் பின் ஒரு வழக்கம் இருக்கிறது. கைப்பேசி விளக்கைப் பிடித்துக்கொண்டு அப்பாவின் பாதங்களை நான் பார்க்கிறேன். முதல் சில நாட்கள் அவர் காலை இழுத்துக்கொண்டார். "பொம்பளப் புள்ள என் காலைப் புடிக்கிறதா, விடும்மா" என்று கூசினார். "ஆசீர்வாதம் வாங்கும்போது தொடலாம், புண் பார்க்கத் தொடக்கூடாதாப்பா?" என்று கேட்டேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. காலை நீட்டினார். இப்போது மிதிகட்டைகளுக்குப் பழைய துணியைச் சுற்றித் தைத்திருக்கிறோம். குழிக்குள் ஒரு விளக்குப் போட்டிருக்கிறோம். சென்ற ஆடியில் வலது குதிகாலில் ஒரு வெடிப்பு ஈரமாக இருந்ததை அன்றைக்கே கண்டோம். மறுநாள் மருத்துவமனைக்குச் சென்றோம். மூன்று வாரத்தில் ஆறியது. அப்பா இன்னும் நெய்கிறார்.

அன்பு நண்பர்களே! அடுத்த விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது உங்கள் தாய் தந்தையரின் கால்விரல்களை ஆறு முறை தொட்டுப் பாருங்கள். "எரிச்சல் நின்றுவிட்டது" என்று அவர்கள் மகிழ்ந்து சொன்னால், அந்த மகிழ்ச்சியில் உடனே பங்குகொள்ளாதீர்கள். எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானமாக இருக்கட்டும். ஆனால் அந்தச் சிரசு நாளுக்கு ஒரு முறை குனிந்து அடியைப் பார்க்கட்டும்.